கடல்மீன் பண்ணைகளும் அரசாங்கக் கண்காணிப்பும்

ஹைதராபாத் நகருக்குக் கடல் இல்லை. சாலை வழியே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் சென்றால்தான் வங்கக் கடலின் அலையோசை காதில் விழும். ஆயினும், மெஹதிப்பட்டணத்திலிருந்து விமான நிலையத்தை நோக்கிச் செல்லும் நரசிம்மராவ் மேம்பாலத்தில் பயணம் செய்வோர், 235-ஆம் தூணுக்கருகே ஒரு பெரிய மீனைக் காணத் தவறுவதில்லை. கண்ணும் வாலும் துடுப்புமாக, அந்தரத்தில் நீந்துவது போல் நிற்கும் அந்த மீன் உண்மையில் ஓர் அலுவலகம். 2006-ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட தேசிய மீன்வள மேம்பாட்டு வாரியம் அதன் வயிற்றுக்குள் இருந்துகொண்டுதான் நாட்டின் குளத்து மீனுக்கும் கடல் மீனுக்கும் திட்டம் வகுத்து வருகிறது. நகரின் மற்றொரு கோடியில், பிரகதி நகரில், இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் உள்ளது. 1999-இல் அமைக்கப்பட்டது அது. அலையின் உயரம், நீரின் வெப்பம், மீன் கூடுமிடம், சுனாமி எச்சரிக்கை ஆகிய யாவும் கடலைக் கண்ணால் காணாத இந்த ஊரிலிருந்தே கரையோர மக்களுக்குச் செல்கின்றன.

இங்கே வாழும் தமிழர்களாகிய நாம் இவ்விரு கட்டடங்களையும் பல ஆண்டுகள் வேடிக்கை பார்த்ததோடு சரி. மிருகசீரிஷக் கார்த்தி நாளில் ஊரே மீன் வாங்க முண்டியடிக்கும்போது, நாமும் ராம்நகர் மீன் சந்தையில் பையுடன் நின்றிருக்கிறோம். அம்மீன் எந்த நீரில் வளர்ந்தது, அந்நீரை யார் சோதித்தார் என்று கேட்டதில்லை. கேட்க வைத்தது ஒரு கடிதம்.

செகந்திராபாத்தில் ஞாயிறுதோறும் கூடிப் பேசும் நம் நண்பர் குழாத்தில் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் உண்டு. ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மண்டபத்துக்கு அருகிலுள்ள கடற்கரைச் சிற்றூரில் இருக்கும் அவருடைய தங்கை மகன் எழுதியிருந்தான்: “மாமா, கடலில் இரண்டு கூண்டு போட்டு மீன் வளர்க்கலாம் என்று இருக்கிறேன். ஒரு கூண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் என்று அரசாங்கத்தில் கணக்கிட்டிருக்கிறார்கள். நூற்றுக்கு நாற்பது பங்கு மானியம் கிடைக்கும். மிச்சத்துக்கு நீங்கள்தான் கை கொடுக்க வேண்டும்.” அவன் குறிப்பிட்டது 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் அதில் மானியம் நூற்றுக்கு அறுபது.

மிச்சம் என்றால் ஆறு லட்சம் ரூபாய். பெரியவருடைய சேமிப்பில் அது பெரும்பகுதி. “கொடுக்கலாமா, வேண்டாமா?” என்று அவர் நம்மைக் கேட்டார். மீன் விலை என்ன, தீவனம் எவ்வளவு என்றெல்லாம் பேசினோம். அப்போது ஒருவர், “கடல் யாருடையது? அதில் கூண்டு கட்ட யாரிடம் அனுமதி பெற வேண்டும்? தண்ணீர் கெட்டால் யார் வந்து பார்ப்பார்கள்?” என்று கேட்டார். ஒருவருக்கும் விடை தெரியவில்லை. அதைத் தேடிப் புறப்பட்டதன் பயனே இந்தப் பேச்சு. பம்பாயிலும் பெங்களூரிலும் டில்லியிலும் இருந்துகொண்டு ஊரிலுள்ள தம்பிக்கும் மருமகனுக்கும் பணம் அனுப்பும் நேயர்கள் பலருக்கு இது உதவக்கூடும்.

கூண்டு என்பது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுவோம். தடித்த பிளாஸ்டிக் குழாயையோ இரும்புக் குழாயையோ வட்டமாக வளைத்து மிதக்கவிட்டு, அதிலிருந்து வலையைப் பை போல நீருக்குள் தொங்கவிட்டு, நங்கூரமிட்டு நிறுத்துவார்கள். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 2007-இல் விசாகப்பட்டினத்துக்கு அப்பால் திறந்த கடலில் இத்தகைய கூண்டை மிதக்கவிட்டார்கள். இந்த நிலையம் இன்று கொச்சியில் இருப்பினும், 1947-இல் தொடங்கப்பெற்ற அது வளர்ந்த இடம் நம் மண்டபம் முகாம்தான். அதே மண்டபத்தில் 2010-இல் கடல் விராலைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்வித்து, குஞ்சு பொரிக்கவும் செய்தார்கள். விரால் என்றதும் ஹைதராபாத்காரர்களுக்கு நாவில் நீர் ஊறும். தெலங்கானாவின் மாநில மீனே கொர்ரமீனு என்கிற விரால்தான். அந்தக் குளத்து விராலுக்கும் இந்தக் கடல் விராலுக்கும் பெயரைத் தவிர வேறு உறவு கிடையாது. கடல் விரால் சில மாதங்களுக்குள் இரண்டு மூன்று கிலோ எடைக்கு வளர்ந்துவிடும். அவ்வளவு பசி அதற்கு.

அந்தப் பசியில்தான் சங்கடம் இருக்கிறது. ஒரு கிலோ மீன் வளர்வதற்குப் பல கிலோ மலிவு மீனைத் துண்டாக்கிப் போடுகிறார்கள். தின்றது போக மிஞ்சிய தீவனமும், மீன்களின் கழிவும் கூண்டின் கீழே கடல் தரையில் படிகின்றன. நீரோட்டம் நன்றாக உள்ள இடமாயின் அவை கரைந்து பரவிவிடும். ஓட்டமில்லாத இடமாயின் குவிந்து அழுகும். அழுகல் நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சும். முதலில் தரையில் வாழும் புழுவும் சிப்பியும் மடியும். பின்னர் கூண்டிலுள்ள மீனே மூச்சுத் திணறும். வயலுக்கு எரு இட்டால் பயிர் விளையும் என்பதை அறிந்த நாம், எருக்குழியிலேயே நாற்று நடுவதில்லை அல்லவா?

இதில் அரசாங்கம் தலையிட வேண்டிய காரணத்தை அறிய, கூண்டுக்கு முந்திய இறால் குளங்களின் கதைக்குச் செல்ல வேண்டும். அது நம் கரையிலேயே நடந்தது; கண்ணீரோடு நடந்தது.

1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாகப்பட்டினத்திலிருந்து நெல்லூர் வரை கடலோர நிலங்களை வாங்கி, கரை எழுப்பி, உப்புநீர் நிரப்பி, வரி இறால் வளர்க்கத் தொடங்கினார்கள். வெளிநாட்டில் நல்ல விலை. நெல் விளைந்த நிலங்கள்கூடக் குளமாயின. குளத்து உப்பு பக்கத்துக் கிணற்றில் இறங்கிற்று. குடிநீருக்குப் பெண்கள் குடத்துடன் தொலைதூரம் நடந்தார்கள். கடலுக்குச் செல்லும் பாதையைப் பண்ணை வேலிகள் மறித்தன. கழிவுநீர் ஓடைக்குள் விடப்பட்டது. அதே ஓடையிலிருந்து அடுத்த பண்ணைக்காரர் நீர் இறைத்தார். 1994-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெண்புள்ளி நோய் வந்தபோது ஒரு பண்ணையிலிருந்து மறு பண்ணைக்கு அது தாவியதில் வியப்பேதும் இல்லை. பண்ணைக்காரர்களுக்கும் பெருநஷ்டம், ஊருக்கும் நிலம் போயிற்று.

சர்வோதயத் தொண்டர் ச. ஜகந்நாதன் அவர்கள் இதை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் நடத்தினார்கள். 1994-இல் உச்ச நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுத்தார்கள். நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகளைக் கரையோரம் அனுப்பி நிலைமையை அறிந்த நீதிமன்றம், 1996 டிசம்பர் 11-ஆம் நாள் தீர்ப்பு வழங்கியது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்திலுள்ள இறால் குளங்களை, மரபுவழி வளர்ப்பு நீங்கலாக, 1997 மார்ச் 31-க்குள் அகற்ற வேண்டும். சில்கா, பழவேற்காடு ஏரிகளைச் சுற்றி ஆயிரம் மீட்டருக்குள்ளும் கூடாது. வயல்களையும் உப்பளங்களையும் அலையாத்திக் காடுகளையும் குளமாக்கக் கூடாது. இவற்றை மேற்பார்வையிட ஓர் ஆணையம் வேண்டும் என்பன அதன் கட்டளைகள். ஆணையம் வந்தது. மறுபரிசீலனை மனுக்களும் வந்தன. இடிப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. ஜகந்நாதன் அவர்களுக்கும் அவர்தம் துணைவியார் கிருஷ்ணம்மாள் அவர்களுக்கும் 2008-இல் சுவீடன் நாட்டிலிருந்து வழங்கும் வாழ்வுரிமை விருது கிட்டியது. ஜகந்நாதன் 2013-இல் காலமானார்.

2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த ஆணையத்தில் பதிவு செய்யாமல் பண்ணை நடத்தலாகாது. பதிவு ஐந்தாண்டுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதிய பண்ணை கூடாது என்று விதித்தார்கள். நாற்பது ஹெக்டேரும் அதற்கு மேலும் பரப்புள்ள பண்ணைகள் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டுக்கு உட்பட்டவை. தீர்ப்பினால் அகற்றப்பட வேண்டியிருந்த குளங்களில் பல, இச்சட்டத்தின் நிழலில் நிலைபெற்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தீர்ப்புக்காகப் போராடியவர்களுக்கு அது கசப்பாகவே இருந்தது.

வெளியேற்றும் நீருக்கு ஆணையத்தின் நெறிமுறைகள் அளவு விதித்துள்ளன. லிட்டருக்கு மிதக்கும் திடப்பொருள் நூறு மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. கரைந்த பிராணவாயு மூன்று மில்லிகிராமுக்குக் குறையலாகாது. அழுகுபொருளைச் சிதைக்க நீர் கேட்கும் பிராணவாயுவின் அளவு, திறந்த கடலில் விடும்போது ஐம்பது வரை இருக்கலாம். ஓடையில் விடுவதாயின் இருபதுக்குள் இருக்க வேண்டும். இந்த வேறுபாட்டை நாம் மிகவும் மெச்சினோம். ஒரே ஓடையில் கழிவை விட்டு, அதே ஓடையில் நீர் மொண்ட பழைய தவறு அதை வகுத்தவர்களின் மனத்தில் இருந்திருக்க வேண்டும். 2009-இல் வன்னாமி என்ற வெள்ளைக்கால் இறாலை இறக்குமதி செய்ய அனுமதித்தபோதும், தாய் இறால் யாவும் சென்னையில் நீலாங்கரையிலுள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் நோய்ச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள்.

இச்சட்டம் கரையில் வெட்டிய குளங்களை எண்ணி எழுதப்பட்டது. கடலில் மிதக்கும் கூண்டைப் பற்றி அதில் பேச்சே இல்லை. 2007 முதல் கூண்டுகள் பெருகிக்கொண்டிருக்க, அவற்றுக்குத் தெளிவான மத்தியச் சட்டம் வரப் பதினாறு ஆண்டுகள் ஆயின. 2023-இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் கடற்கூண்டு, கடற்பாசி வளர்ப்பு, சிப்பி வளர்ப்பு, அலங்காரக் கடல்மீன் வளர்ப்பு ஆகியவற்றையும் அந்த ஆணையத்தின் அதிகாரத்துக்குள் கொண்டுவந்தது. இதனுடன் அரசியல் சாசனத்தின் பங்கீட்டையும் நினைவில் வைக்க வேண்டும்: கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைல் வரை மீன்வளம் மாநில அரசின் பொறுப்பு. ஆகவே மருமகன் கூண்டு போட விரும்பும் கடற்பகுதிக்கு மாநில மீன்வளத் துறையும் வேண்டும், மத்திய ஆணையமும் வேண்டும். போதாக்குறைக்கு, அவன் ஊருக்குத் தெற்கே மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா. இருபத்தொரு தீவுகள், பவழப் பாறைகள். அங்கே வனத்துறையின் அதிகாரமும் உண்டு. மூன்று வாசலிலும் கதவைத் தட்ட வேண்டும்.

2023-ஆம் ஆண்டுத் திருத்தம் மற்றொன்றும் செய்தது. பதிவில்லாமல் பண்ணை நடத்தினால் மூன்றாண்டு வரை சிறை என்றிருந்ததை நீக்கி, பணத் தண்டமாக மாற்றிற்று. ஏழை மீனவன் ஒரு படிவம் நிரப்பத் தவறியதற்காகச் சிறை செல்வதை நாமும் விரும்பவில்லை. ஆனால் தண்டம் விதிப்பதற்கும், முதலில் படகேறிச் சென்று நீரையும் சேற்றையும் அளந்தவர் ஒருவர் வேண்டும். குளத்துக் கழிவுநீருக்கு ஒரு வாய்க்கால் உண்டு. அதன் வாயில் ஒரு சீசாவைப் பிடித்தால் நீர் கிடைத்துவிடும். கூண்டுக்கு வாய்க்கால் எங்கே? நாற்புறமும் கடல், கழிவு இறங்கும் இடமோ கண்ணுக்குத் தெரியாத அடித்தரை.

இங்கேதான் ஹைதராபாத் மறுபடியும் நம் கதைக்குள் வருகிறது. பிரகதி நகர் மையத்தார் செயற்கைக் கோள்களின் உதவியால் கடலின் நிறத்தைப் பார்க்கிறார்கள். நீரில் நுண்பாசி மிகுந்தால் நிறம் மாறும். அந்த மாற்றத்தைக் கொண்டு பாசிப் பெருக்கத்தை அறிந்து சொல்கிறார்கள். 2022 நவம்பரில் ஏவப்பட்ட மூன்றாம் ஓஷன்சாட் கோளும் இப்பணிக்கு உரியது. கொச்சிக்கும் விசாகப்பட்டினத்துக்கும் அப்பால் நீரின் தரத்தை அளக்கும் மிதவைகளையும் அவர்கள் நிறுத்தியிருக்கிறார்கள்.

பாசிப் பெருக்கம் என்பதை மண்டபம், பாம்பன் மீனவர்கள் பூங்கோரை என்பார்கள். 2019 ஆகஸ்டில் சென்னைத் திருவான்மியூர்க் கரையில் அலைகள் இரவில் நீலமாக ஒளிர்ந்ததையும், மக்கள் திரண்டு சென்று பார்த்ததையும் நேயர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். நாக்டிலூக்கா என்னும் நுண்ணுயிரின் வேலை அது. சென்னையில் வேடிக்கையாக இருந்த அதே உயிர், அடுத்த மாதம் மன்னார் வளைகுடாவில் பெருகிக் கடலைப் பச்சையாக்கியபோது மீன்கள் செத்து ஒதுங்கின, பவழங்களும் மடிந்தன. அவை அழுகும்போது நீரின் பிராணவாயு தீர்ந்துபோகிறது. சுதந்திரமாகத் திரியும் மீனில் ஒரு பகுதியேனும் ஆழத்துக்கு ஓடித் தப்பும். கூண்டு மீனுக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. ஆகையால் இரண்டு நாள் முன்னதாக வரும் ஓர் எச்சரிக்கை, கூண்டுக்காரனுக்கு ஆறு மாத உழைப்புக்குச் சமம். உடனே அறுவடை செய்யலாம். கூண்டை இழுத்து வேறிடம் கொண்டுபோகலாம். குறைந்தபட்சம் தீவனத்தையாவது நிறுத்தலாம்.

ஆனால் கோளுக்கும் எல்லை உண்டு. மேகம் மூடினால் கடலின் நிறம் அதற்குத் தெரியாது. கரையோரக் கலங்கல் நீர் அதன் கணக்கைக் குழப்பும். அனைத்துக்கும் மேலாக, அது காண்பது கடலின் மேற்பரப்பைத்தான். கூண்டின் கீழே கறுத்து நாறும் சேறு விண்ணிலிருந்து தெரியாது. அதற்குப் படகு வேண்டும், கயிறு வேண்டும், சேற்றை அள்ளும் கைக்கருவி வேண்டும்.

நார்வே நாட்டில் அதைத்தான் செய்கிறார்கள். அந்நாட்டின் கடற்கழிகளில் சால்மன் மீன்கூண்டுகள் ஏராளம். கூண்டின் அடியிலிருந்து சேற்றை அள்ளி மேலே கொண்டுவந்து, அதன் நிறம் என்ன, நாற்றம் உண்டா, குமிழி கிளம்புகிறதா, புழுக்கள் உயிரோடிருக்கின்றனவா என்று பார்த்து மதிப்பெண் இடுகிறார்கள். மதிப்பெண் நன்றாயிருந்தால் அடுத்த சோதனை தாமதமாக வரும். மோசமாயிருந்தால் விரைவிலேயே வரும். மிக மோசமானால் அந்த இடத்துக்கு ஓய்வு. நம் ஊரில் தரிசு போடுவது போலத்தான். 2017 முதல் கடற்கரையைப் பதின்மூன்று மண்டலங்களாகப் பிரித்து, சால்மனைப் பற்றும் பேனின் பெருக்கத்தைப் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சாலை விளக்குப் போல நிறமிட்டு, சிவந்த மண்டலத்தில் வளர்ப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள். சிலி நாடு இத்தகைய கட்டுப்பாட்டில் பின்தங்கியிருந்தது. பண்ணைகளை நெருக்கமாக அமைத்த அந்நாட்டில் 2007-இல் ஒரு வைரஸ் நோய் புகுந்து சால்மன் தொழிலையே முறித்துப் போட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அதன் பிறகே சட்டங்களை இறுக்கினார்கள்.

நார்வேயின் பணம் நம்மிடம் இல்லை என்று சிலர் கூறுவர். சேற்றை முகர்ந்து பார்க்கப் பெரும்பணம் வேண்டியதில்லை. கூண்டு இறங்குவதற்கு முன்பே அந்த இடத்தின் நீரையும் தரையையும் அளந்து எழுதி வைத்தாக வேண்டும்; இல்லாவிடில் பின்னால் கெட்டது கூண்டினாலா, வேறொன்றாலா என்று வழக்காடுவதே மிஞ்சும். அளந்த கணக்கு பண்ணைக்காரனுடைய பெட்டியிலும் அலுவலகத்துக் கோப்பிலும் மட்டும் உறங்குவதையும் நாம் ஏற்கவில்லை. அதே நீரில் வலை வீசும் பக்கத்து மீனவனுக்கும் அது தெரிய வேண்டும். மீன் ஏலம் போடும் கூடத்தின் சுவரில் தமிழில் எழுதி ஒட்டுவதற்கு என்ன தடை? இறால் குளங்களின் காலத்தில் கிணறு உப்பாவதை முதலில் அறிந்தவர்கள் குடம் சுமந்த பெண்கள். அதிகாரிகளுக்கு அது தெரிய ஆண்டுகள் பிடித்தன.

இவ்வளவையும் திரட்டிக்கொண்டு அடுத்த ஞாயிறு நம் நண்பரின் பெயரால் மருமகனுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினோம். எந்த இடம்? ஆழம் எவ்வளவு? நீரோட்டம் எப்படி? பூங்காவின் எல்லையிலிருந்து எவ்வளவு தொலைவு? பதிவுக்கு மனுச் செய்தாயா? அங்கே ஏற்கெனவே வலை விடுகிறவர்களைக் கேட்டாயா? வழக்கறிஞரின் குறுக்கு விசாரணை போல அமைந்துவிட்டதே என்று ஒருவர் வருந்தினார். பெரியவர், “ஆறு லட்சத்துக்கு இது அதிகமில்லை” என்றார்.

மூன்று வாரம் பதில் இல்லை. பையன் கோபித்துக்கொண்டான் என்றே நினைத்தோம். பிறகு வந்தது. அவன் முதலில் குறித்திருந்த இடம் கரைவலை இழுப்பவர்களின் பாடு என்று ஊர்ப் பெரியவர்கள் தடுத்துவிட்டார்களாம். மேலும் அங்கே ஓட்டம் மந்தம். இன்னும் சற்று வெளியே, ஆழமான இடமொன்றை அவர்களே காட்டியிருக்கிறார்கள். பதிவுக்கு மனுச் செய்திருக்கிறான். இரண்டு கூண்டு என்றவன் இப்போது ஒன்று போதும் என்கிறான்.

பெரியவர் பணத்தில் ஒரு பகுதியை அனுப்பினார். அதோடு பிராணவாயு அளக்கும் கைக்கருவி ஒன்றையும் இங்கே வாங்கி ரயிலில் கொடுத்தனுப்பினார். கூண்டு இன்னும் கடலில் இறங்கவில்லை. ஆனாலும் பையன் வாரத்தில் இரண்டு நாள் விடியுமுன் அந்த இடத்துக்குப் படகில் போய் அளந்து, தொலைபேசியில் எண்ணை மட்டும் அனுப்புகிறான். பெரியவர் அதைத் தம் நாட்குறிப்பில், தம்முடைய இரத்த அழுத்தக் கணக்குக்குப் பக்கத்திலேயே குறித்துக்கொள்கிறார். சென்ற ஞாயிறு நாம் பார்த்தபோது கடைசி வரியில் 5.4 என்று இருந்தது.